நஞ்சம்மாள் கிள்ளிவிட்ட கொழுந்து

நஞ்சம்மாளின் கை சும்மா இருக்காது. ரேஷன் கடைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யார் வீட்டு வாசலிலாவது ஒரு செவ்வந்திச் செடி நின்றால் போதும். பேச்சு அது பாட்டுக்கு ஓடும், கட்டைவிரல் நகம் மட்டும் செடியின் கொழுந்துக்குப் போய்விடும். கிள்ளியதை அங்கேயே போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். செடிக்குச் சொந்தக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அது ரொம்ப நாள் நிற்காது. அந்தச் செடி நாலாபக்கமும் கிளைத்து, குப்பென்று பூத்து நிற்கும்போது, "நஞ்சக்கா கை பட்டதுங்க" என்று அவளே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாள்.

ஊரில் இதைக் கைராசி என்றார்கள். நஞ்சம்மாள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ராசியெல்லாம் ஒன்னுமில்லீங்க. கொழுந்தக் கிள்ளாம உட்டா ஒத்தையா மேல போயிரும். கிள்ளுனாத்தான் நாலு பக்கமும் கவட்டை உடும். கவட்டை உட்டாத்தான் காயும் பூவும். செடிக்குத் தெரியாது பாருங்க, நம்மதான் சொல்லிக் குடுக்கோணும்" என்பாள்.

சோமனூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த வயதிலேயே பருத்தியின் நுனி கிள்ளத் தெரியும். கன்னையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வெளியே இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு, இங்கே பருத்தியும் துவரையும் செடிமுருங்கையும் அவள் கையில் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பேறிப் போனது. விதைத்தது முளைப்பதும், முளைத்தது கருகுவதுமாகச் சில வருடங்கள் போராடிப் பார்த்துவிட்டு, கன்னையன் மண்வெட்டியைச் சாத்தி வைத்தார். தோட்டத்தில் லைன் வீடுகள் எழும்பின. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த சனங்கள் குடியேறினார்கள். காலையில் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து கொட்டும். நடுவில் இருக்கும் பகல் முழுக்க நஞ்சம்மாளுடையது. வாசலில் மிஞ்சியிருந்த துண்டு நிலத்தில் நாலு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் கனகாம்பரம். அவற்றின் பாடு கேட்கவே வேண்டாம்.

கடைசி வீட்டில் சகாயராஜ் குடும்பம். சிவகங்கைப் பக்கத்து ஆள். கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மனைவி பிரிசில்லா அதே கம்பெனியில் செக்கிங். வந்தபோது மகள் ஜோதிகா இடுப்பில் இருந்தாள். மற்ற குடித்தனக்காரர்களெல்லாம் நஞ்சம்மாளை "ஓனரம்மா" என்று கூப்பிடுவார்கள். சகாயராஜ் மட்டும் வந்த அன்றைக்கே, பாத்திர மூட்டையை இறக்கி வைத்த கையோடு, "யக்கா, ஒரு கொடம் தண்ணி கெடைக்குமா" என்று கேட்டான். நஞ்சம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அந்த "யக்கா" அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குடம் என்ன, அண்டாவே கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு வருசம் சம்பாரிச்சுக்கிட்டு ஊரப் பாக்கப் போயிருவோம்க்கா" என்று அன்றைக்குச் சொன்னவன்தான். இப்போது ஜோதிகா காலேஜுக்குப் போகிறாள். நடுவில் நஞ்சம்மாளின் மகன் கல்யாணத்துக்கு, வந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேருடைய வேட்டி சட்டையையும் சகாயராஜே தேய்த்துக் கொடுத்தான். கல்யாண போட்டோவைப் பார்த்தால் தெரியும். மாப்பிள்ளையைவிட மாமன்மார்கள் மடிப்புக் கலையாமல் நிற்பார்கள்.

இனி மரத்துக்கு வருவோம்.

ஒரு வருடம் கம்பெனியில் எல்லாரையும் ஊட்டிக்கு டூர் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வர்க்கியும் டீத்தூளும் தைலமும் வாங்கி வந்தார்கள். சகாயராஜ், கறுப்பு பிளாஸ்டிக் கவரில் ஒரு சாண் உயரச் செடி ஒன்றை வாங்கி, மலையிறங்கும் வளைவுகளிலெல்லாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். பின்சீட்டில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். இவன் செடிக்கு ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னானாம். பிரிசில்லா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"என்ன செடி கண்ணு இது?" என்று கேட்டாள் நஞ்சம்மாள்.

"கிறிஸ்துமஸ் மரம்க்கா."

"காய்க்குமா?"

"காய்க்காதுக்கா."

"பூவாவது பூக்குமா?"

"பூக்காதுக்கா."

"பின்ன என்னதான் பண்ணும்?"

சகாயராஜ் கொஞ்ச நேரம் யோசித்தான். "நிக்கும்க்கா" என்றான்.

நஞ்சம்மாள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டகையிலிருந்து கன்னையன் எழுந்து வந்துவிட்டார். அப்புறம் ஒரு வாரம், யாரைப் பார்த்தாலும் இந்தக் கதைதான். சிரித்தாலும், துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம், சோப்புத் தண்ணீர் ஓடாத மேட்டில் நல்ல இடமாகப் பார்த்து, குழி வெட்டச் சொன்னவளும் அவள்தான்.

அது நின்றது. நிற்பதைத் தவிர வேறு அவசரம் அதற்குக் கிடையாது. நடுவில் ஒரே ஒரு தண்டு. அதைச் சுற்றி, தோசைக்கல் வட்டத்தில் கிளைகள் தட்டையாக விரிந்திருக்கும். அது ஒரு தட்டு. வருடத்துக்கு ஒரு தட்டு போடும். அதுவும் மனம் வைத்தால். பக்கத்தில் நட்ட முருங்கை ஆறாம் மாதமே காய்த்துக் குழம்பில் கொதித்தது. இது இத்தனை வருடத்தில் இப்போதுதான் சகாயராஜின் தலை மட்டத்துக்கு வந்திருக்கிறது.

சகாயராஜுக்கு அந்தத் தட்டுகள்தான் திருப்பூர் வாழ்க்கை. அடியிலிருந்து எண்ணிக்கொண்டு போவான். இது ஜோதிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடத்துத் தட்டு. இது அம்மா தவறிப்போன வருடம். நடுவில் ஒன்று மட்டும் சவலையாக, விரல் நீளத்துக்கு மேல் போகாமல் நிற்கும். அது கொரோனா வருடம். "அந்த வருசம் அதுக்கும் ஆர்டர் வரலக்கா" என்பான். உச்சியில் பச்சைப் பசேலென்று ஒரு குருத்து எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பான். பகல் முழுக்க நீராவியில் நின்றவன், அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் கண் குளிர்கிறது என்பான்.

நஞ்சம்மாள் வாயால் கிண்டல் செய்வாளே தவிர, மரத்தின்மேல் அவளுக்கும் பாசம்தான். போர்த் தண்ணீர் உப்பு என்று, வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு அதற்குத் தனியாக எடுத்து வைப்பாள். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுகிறாளே என்று கன்னையன் முணுமுணுப்பார். கிறிஸ்துமஸுக்குச் சகாயராஜ் உச்சிக் குருத்துக்குக் கீழே காகித நட்சத்திரம் கட்டுவான். பொங்கல் நோம்பிக்கு நஞ்சம்மாள் காப்புக் கட்டுவாள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீடு, கொட்டகை, மோட்டார் ரூம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. அவள் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் ஒரு கொத்துக் கட்டிவிடுவாள். நட்சத்திரம் இறங்கிய கொஞ்ச நாளில் காப்பு ஏறிவிடும். மரமும் ஒன்றும் சொன்னதில்லை.

போன வருடம் மே மாதம், அண்ணன் மகள் கல்யாணத்துக்காகச் சகாயராஜ் குடும்பத்தோடு ஊருக்குப் போனான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "யக்கா, மரத்தப் பாத்துக்கங்க" என்றான்.

"நீ போயிட்டு வா கண்ணு. என்ற கண்ணு மாதிரிப் பாத்துக்கறேன்" என்றாள் நஞ்சம்மாள்.

பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் ஆற்றுத் தண்ணீர் வார்த்தாள். வெயிலுக்குச் சாக்குக் கட்டினாள். தினமும் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, அவளுக்குச் சகாயராஜின்மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. பாவம், இத்தனை வருடம் ஆசை ஆசையாய் வளர்க்கிறான். இது ஒற்றைக் குச்சியாய் மேலே போகிறதே தவிர, அடர்ந்து வருவேனா என்கிறது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே?

அவள் கை உச்சிக் குருத்துக்குப் போனதைக் கன்னையன் பார்த்துவிட்டார். "ஏம்புள்ளே, அத எதுக்கு நோண்டற?"

"நோண்டறனா? கிள்ளி உட்டா நாலு பக்கமும் வருமுங்க. அந்தத் தம்பி வந்து பாத்தா எத்தன சந்தோசப்படும்."

அவ்வளவுதான். நகம் பதிந்தது. குருத்து ஒடிந்து கையோடு வந்தது. வழக்கமாகக் கிள்ளுகிற எந்தக் கொழுந்துக்கும் இல்லாத ஒரு பிசின் விரலில் ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அவர்கள் வந்து இறங்கியபோது நஞ்சம்மாள் வாசலிலேயே நின்றாள். சகாயராஜ் பையை இறக்கவில்லை. நேராக மரத்துக்குப் போனான். போனவன் அப்படியே நின்றான்.

"நான்தான் கிள்ளி உட்டேன் கண்ணு" என்றாள் நஞ்சம்மாள், பின்னாலேயே வந்து. "இனி பாரு, ஆடி போயி ஆவணி வந்தா எப்படிக் கவட்டை உடுதுன்னு."

அவன் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. தன் வீட்டுச் சாவு ஒன்றை மூன்றாம் மனுஷியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழிப்பவனைப் போலிருந்தது அந்தப் பார்வை. வீட்டுக்குள் போனான். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பிரிசில்லாதான் பக்கத்தில் வந்து நஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இது மத்த மரம் மாதிரி இல்லக்கா. மேல போற குருத்து ஒன்னே ஒன்னுதான். அதுலதான் வார வருசத்துத் தட்டெல்லாம் இருக்கு. அது போச்சுன்னா பக்கத்துக் கெளையெல்லாம் படுத்தவாக்குலதான் போகும். ஒன்னுகூட எந்திரிச்சு நிக்காது. ஊட்டி நர்சரிக்காரரு அன்னைக்கே சொல்லி அனுப்புனாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே கண்ணு."

"சொல்லணும்னு தோணலக்கா. நீங்க செடி தெரிஞ்சவுக" என்றாள் பிரிசில்லா.

அது குத்திக்காட்டிச் சொன்னதல்ல. அதனால்தான் இன்னும் ஆழமாக இறங்கியது.

மறுநாள் காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. சகாயராஜ் வாசலுக்கு வந்து, "ஓனரம்மா, மோட்டார் போடுறீகளா" என்றான்.

நஞ்சம்மாள் மோட்டாரைப் போட்டாள். போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள்ளேயே ரொம்ப நேரம் நின்றாள்.

அவளுக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. ஒரு வாரம், "ஒரு குச்சி போனதுக்கா இத்தன? காய்க்காது பூக்காதுன்னு அவனே சொன்னான்ல" என்று கன்னையனிடம் பொரிந்து தள்ளினாள். கன்னையன் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. அவர் ஏதாவது பதில் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டையாவது கிடைத்திருக்கும். கிடைக்காமல் போகவே, ரோஷம் வற்றி, அடியில் கிடந்தது மேலே வந்தது. நம்பி விட்டுவிட்டுப் போனான். நான் தலையைக் கிள்ளிவிட்டேன். இதுதான் அது. இதைச் சுற்றிச் சுற்றியே பகல் போனது.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. கிள்ளிய காயத்துக்குச் சாணியும் மஞ்சளும் குழைத்து அப்பினாள். மாகாளியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். வேறு சாமி மரமாயிற்றே, இந்த வேண்டுதல் செல்லுமோ செல்லாதோ என்று சந்தேகம் வந்து, பிரிசில்லாவிடம் தனியாகச் சொல்லி, மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தச் சொன்னாள். ஒருநாள், பனியன் வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்து, மேல்தட்டுக் கிளை ஒன்றை நிமிர்த்தி, குச்சி வைத்துக் கட்டினாள். பழகினால் நிமிர்ந்துவிடாதா என்ற நப்பாசை. பொழுது சாய வேலை விட்டு வந்த சகாயராஜ் அதைப் பார்த்தான். முடிச்சை மெதுவாக அவிழ்த்தான். கிளை பழையபடி படுத்துக்கொண்டது. துணியை மடித்துத் துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நஞ்சம்மாளுக்கு, அவன் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

பஸ் ஏறிக் கோயமுத்தூர் ரோட்டில் ஒரு நர்சரிக்கும் போனாள். அங்கே வேல்குமார் என்று ஓர் ஆள் விவரம் கேட்டுக்கொண்டார்.

"உச்சியக் கிள்ளுனது யாருங்கம்மா?"

"பக்கத்து ஊட்டுக்காரி ஒருத்திங்க" என்று வாய் கூசாமல் சொன்னாள் நஞ்சம்மாள்.

"அவளையெல்லாம் கட்டி வெச்சுத் தோலை உரிக்கோணுமுங்க."

"ஆமாங்க" என்றாள். "இனி வரவே வராதுங்களா?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

"கெளையிலருந்து வராதுங்க. அடித்தண்டுல கண்ணு இருந்தா அதுலருந்து ஒருவேள முட்டிட்டு வரும். வந்தா வரும், வராட்டி இல்ல. பொறுத்துத்தான் பாக்கோணும். எதுக்கும் நம்பர் வெச்சுக்கங்க. இல்லீன்னா புதுச்செடி இருக்குது, கொண்டு போறீங்களா?"

அதே சாண் உயரத்தில் வரிசையாக நின்றன. கைகூட நீண்டுவிட்டது. அப்புறம் யோசித்தாள். செடி வாங்கலாம்; ஜோதிகா பள்ளிக்கூடம் சேர்ந்த தட்டை எங்கே வாங்குவது, அவன் அம்மா செத்த தட்டை எங்கே வாங்குவது? வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

அன்றோடு அவள் கை அடங்கிப்போனது. செவ்வந்திகளைக் கடந்து போனாள். "நஞ்சக்கா, வந்து ஒருக்காக் கிள்ளி உடுங்க" என்று யாராவது கூப்பிட்டால், "கை வலிங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுடைய சொந்த முருங்கைகள், கேட்பாரில்லாமல் ஒற்றைத் தடியாக ஓங்கி, கூரைக்கு மேலே போய்க் காய்த்தன. காக்காய்தான் பார்த்தது. கன்னையன் தொரட்டியோடு அண்ணாந்து நின்று கழுத்து பிடித்துக்கொண்டு படுத்தார்.

மார்கழி பிறந்தது. வழக்கமாகச் சகாயராஜே கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "யக்கா, இந்தாங்க" என்பான். இந்தத் தடவை ஜோதிகா கொண்டுவந்து கொடுத்தாள். நட்சத்திரம் மரத்தில் ஏறவில்லை. வீட்டு நிலைப்படிக்கு மேலே தொங்கியது. நஞ்சம்மாள் கேக்கைப் பிட்டு வாயில் வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்கு நாலு நாள் கழித்து பிரிசில்லா வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னாள். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். பொங்கல் முடிந்ததும் சாமான்களை ஏற்றப் போகிறார்களாம்.

"ஊடு பத்தலையா கண்ணு? பின்னால சாய்ப்பு வேணும்னா எறக்கித் தரச் சொல்றேன்."

"வீட்டுக்கு என்னக்கா கொற. காலையில கதவத் தொறந்தா மரந்தான் முன்னாடி நிக்குது. மொட்டையாப் பாக்க முடியலன்றாக அவுக. உங்க மேல கோவம்னா எங்கிட்டச் சொல்லியிருப்பாக. ஒன்னுமே சொல்ல மாட்டேன்றாக, அதான் எனக்குப் பயமா இருக்கு."

நஞ்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

காப்புக் கட்டுகிற அன்று கம்பெனி லீவு. பொழுது சாயும் நேரம். கூடையில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு, நஞ்சம்மாள் தன் வீடு, கொட்டகை, மோட்டார் ரூம், ஒவ்வொரு லைன் வீட்டுக் கூரை என்று செருகிக்கொண்டே வந்தாள். கடைசி வீட்டு வாசலில் சகாயராஜ் உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டிகளைப் பார்க்காமல் அவன் கூரைக்கும் ஒரு கொத்துச் செருகிவிட்டு, மரத்தைச் சுற்றி விலகித் திரும்பி நடந்தாள்.

"மரத்துக்குக் கட்டலையா?" என்றான் சகாயராஜ். எட்டு மாதத்தில் மோட்டாரைப் பற்றியல்லாமல் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"வேண்டாஞ் சாமி. என்ற கை அதுமேல பட வேண்டாம்."

அவன் கயிற்றைக் கீழே போட்டான். எழுந்து வந்து, அவள் கூடையிலிருந்து ஒரு கொத்தைத் தானே எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனான். கட்ட இடம் தேடி, மேல்தட்டுக் கிளைகளை ஒதுக்கினான். ஒதுக்கிய கை அப்படியே நின்றது. குனிந்தான். இன்னும் குனிந்தான்.

"பிரிசில்லா, இங்க வா" என்றான். குரல் என்னவோ போலிருந்தது.

பூச்சி விழுந்துவிட்டதோ, தண்டே காய்ந்துவிட்டதோ என்று நஞ்சம்மாள் கூடையோடு ஓடினாள். பிரிசில்லாவும் ஜோதிகாவும் ஓடி வந்தார்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே, கிளையிடுக்கில், தண்டைப் பிளந்துகொண்டு இரண்டு துளிர்கள். அரை விரல் உயரம்தான் இருக்கும். இரண்டும் பக்கவாட்டில் போகவில்லை. வானத்தைப் பார்த்து நேராக நின்றன.

ஜோதிகா கிளைக்குள் தலையை நீட்டி எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டு வந்திருக்கே. ரெண்டையும் விடலாமாப்பா?" என்று கேட்டாள் ஜோதிகா.

சகாயராஜுக்குத் தெரியவில்லை. நஞ்சம்மாள் மடியிலிருந்து போனை எடுத்தாள். "நர்சரிக்காரரு நம்பரு இருக்குது கண்ணு" என்று ஜோதிகாவிடம் நீட்டினாள். ஜோதிகா ஸ்பீக்கரில் போட்டாள். நஞ்சம்மாள் விஷயத்தைச் சொன்னதும் வேல்குமாருக்குப் பழைய பேச்சு ஞாபகம் வந்துவிட்டது.

"அட, வந்திருச்சுங்களா? நல்லதாப் போச்சுங்கம்மா. ஒன்ன மட்டும் உட்டுட்டு இன்னொன்னக் கிள்ளிருங்க. ரெண்டையும் உட்டா ரெண்டும் சண்ட போட்டு மரம் கோணிப் போயிரும். இன்னொன்னுங்கம்மா, அந்தப் பக்கத்து ஊட்டுக்காரிய மட்டும் கிட்டவே உட்ராதீங்க. அன்னிக்கு நீங்க பஸ் ஏறி வந்து அழுதது இன்னும் என்ற கண்ணுலயே நிக்குது."

போன் நின்றது. நஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் ஜோதிகாதான் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிரிசில்லா. சகாயராஜ் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எட்டு மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவன் கண் நனைந்திருந்தது.

"நர்சரிக்கு எப்பப் போனீக?"

"ஆவணியில."

அவன் நிமிர்ந்து, கூரைக்கு மேலே ஓங்கி நின்ற முருங்கைகளைப் பார்த்தான். தினமும் அவற்றின் அடியில்தான் நடந்து போய் வந்துகொண்டிருந்தான், இன்றைக்குத்தான் பார்த்தான்.

"அன்னையிலருந்து ஒன்னையுமே கிள்ளலையாக்கா?"

நஞ்சம்மாள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வாங்க. இதக் கிள்ளுங்க" என்றான்.

"நான் மாட்டஞ் சாமி. நீயே கிள்ளிக்கோ."

"எனக்குத் துணி தேய்க்கத்தான் தெரியும். எத விடணும், எத எடுக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். கிள்ளுங்கக்கா."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். வாழ்நாளில் ஒரு கொழுந்துக்கும் யோசிக்காதவள், அந்த இரண்டு துளிரையும் இந்தப் பக்கம் இருந்து பார்த்தாள், அந்தப் பக்கம் இருந்து பார்த்தாள், எட்ட நின்று பார்த்தாள். எது தண்டோடு நேராக நிற்கிறது, எது வெயில் பக்கம் சாய்கிறது என்று அளந்தாள். சாய்ந்ததை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிள்ளினாள். மற்றது அசையாமல் நின்றது.

"இது ஒரு தட்டுப் போட எத்தன நாளாகும் கண்ணு?" என்று கேட்டாள்.

"இப்பத்தான முட்டியிருக்கு. ஒன்னரை வருசம், ரெண்டு வருசங்கூட ஆகும்க்கா."

"ரெண்டு வருசம்." அவள் அந்தத் துளிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போயிட்டா இத என்னால தனியாப் பாத்துக்க முடியாது சாமி. பயமா இருக்குது எனக்கு."

சகாயராஜ் கையிலிருந்த காப்பைத் துளிரில் படாதபடி எட்டக் கீழே, தண்டில் கட்டினான். முடிச்சை இழுத்துச் சரிபார்த்தான். பிறகு திரும்பி, "பிரிசில்லா, பெட்டியெல்லாம் அவுத்துரு" என்றான்.

நஞ்சம்மாள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். ஜோதிகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரிசில்லா முதல் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.